பழைய ஹோட்டலுக்கு வந்த கடிதங்கள்

ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த முதல் உபசரிப்பு ஒரு சோடி சப்பாத்து. விமான நிலையத்தில் என் காலைப் பார்த்த துஷி, "ஐயோ சித்தி, தை மாசத்திலை இந்தச் செருப்போடையோ வந்தனீங்கள்? விரல் கழண்டு விழுந்திடும்" என்று சொல்லி, தாயின் பழைய குளிர்ச் சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். துஷி என் அக்கா புவனத்தின் மகள், தாதிப் படிப்புப் படிக்கிறாள். சப்பாத்து இரண்டு அளவு பெரிது. செத்த வீட்டுக்கு வந்தவளுக்கு அளவு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று போட்டுக்கொண்டேன். நான் பார்த்த நோர்வே முழுவதையும் அந்தச் சப்பாத்துக்குள் வழுக்கி வழுக்கித்தான் பார்த்தேன்.

அக்காவின் கணவர் பரமலிங்கம் அத்தான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். மார்கழிக் கடைசியில் ஒரு காலை, அடுப்படியிலேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். விசா கைக்கு வந்து நான் இறங்கும்போது பதினாலாம் நாள். தகனம் முடிந்துவிட்டது. எனக்கு மிச்சமிருந்தது கல்வெட்டு ஒன்றுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவள். மிச்ச நேரத்தில் கல்வெட்டு எழுதுவேன். கல்லில் வெட்டுவதல்ல. எங்கள் யாழ்ப்பாணத்தாரிடம், ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குச் சோறு போட்டு, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், இரங்கற்பா எல்லாம் அதில் இருக்கும். இருநூறு பேருக்காவது எழுதியிருப்பேன். குடிகாரனை 'நண்பர்களை நேசித்தவர்' என்றும், கஞ்சனை 'எளிமையாக வாழ்ந்தவர்' என்றும் எழுதப் பழகிவிட்டால் இந்த வேலையில் பாதி பழகின மாதிரி.

ஒஸ்லோவின் புறநகரான ரொம்மனில் அக்கா வீடு நாலாம் மாடி. செத்த வீடு என்றால் எங்களூரில் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே தெரியும். இங்கே லிஃப்டுக்குள் கூட ஒரு சத்தமில்லை. கீழ்வீட்டுப் பாகிஸ்தான் அம்மா தினமும் சட்டியோடு சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாவாம். அத்தானோடு வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்தி பூவோடு வந்தாள். கால் மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள், எழும்பிப் போனாள். எங்கள் சனமென்றால் அந்த நேரத்துக்குள் "எப்படி நடந்தது" என்று இருபது தரம் கேட்டிருக்கும். இரண்டில் எது நல்லதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் நான் எழுதக் கொப்பியைத் திறந்ததும் அக்கா சொன்னாள், "எல்லாம் போடு. ஆனால் அந்த வரி மட்டும் வேண்டாம்."

"எந்த வரி?"

"நீ எல்லாருக்கும் போடுறியே, 'மனையாளையன்றி மற்றொருத்தியை மனத்தாலும் நினையாதவர்' எண்டு. அதைப் போடாதை. பொய்யை அச்சடிச்சு வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு மிச்சக் காலத்தைக் கழிக்கிறது?"

அத்தான் அப்படிப்பட்ட ஆளில்லை. மூன்று சொல்லுக்கு மேல் பேசினால் வாய் நோகும் என்று நினைக்கிற மனிதர். அக்கா ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அத்தானின் கோட்டுப் பையில் இருந்த ஹோட்டல் ரசீது, போன கார்த்திகை மாதத்தது. "ஒவ்வொரு கார்த்திகையும் ஒரு நாள் விடியப் போவார். அடுத்த நாள் பின்னேரம்தான் வருவார். கேட்டால் வேலை விசயம் எண்டுவார். பதினைஞ்சு வருசம் தவறினதில்லை. இது எந்த ஹோட்டல் தெரியுமோ? அகதியாய் வந்த முதல் ரெண்டு வருசமும் இருந்தாரே, அதேதான். அங்கை ஒருத்தி இருக்கிறாள். பிள்ளையும் இருக்கோ, ஆர் கண்டது. நீ போய்ப் பாத்துக்கொண்டு வா. கண்டதைச் சொல்லு. எனக்கு மட்டும் மறைக்காதை, விஜி."

அடுத்த நாள் துஷியும் நானும் ரயிலேறினோம். மகளுக்குத் தாய் சொல்லியிருந்தது, அப்பா முதலில் இருந்த இடத்தின் வரலாறு கல்வெட்டுக்கு வேண்டும் என்பது மட்டும்தான்.

எதிரே இருந்த கிழவர் என் சேலையைப் பார்த்து, இலங்கையா என்று துஷியிடம் கேட்டார். சமாதானப் பேச்சுக்கு நோர்வேக்காரர் வந்துபோன காலம் அது. "சமாதானம் எப்படிப் போகிறது?" என்று ஏதோ சுகமில்லாத சொந்தக்காரரை விசாரிப்பது போலக் கேட்டார். "யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருக்கு, மனம்தான் இன்னும் திறக்கேல்லை எண்டு சொல்லு" என்றேன். அதை அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ, கிழவர் தலையாட்டிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, மண்ணிறச் சீஸ் வைத்த பாண் துண்டொன்றை எனக்குத் தந்தார். பார்வைக்கு லைஃபோய் சவர்க்காரம், வாயில் வைத்தால் பால் ரொபி. பாதி வழியில் தண்டவாளத்தில் ஒரு பெரிய காட்டுமான் படுத்துவிட்டதென்று ரயில் நின்றது. முக்கால் மணித்தியாலம். ஒரு குஞ்சும் வாய் திறந்து ஏசவில்லை. எங்கள் யாழ்தேவி ரயிலில் மாடு படுத்திருந்தால் மாட்டுக்காரனின் ஏழு தலைமுறையும் வெளியே வந்திருக்கும்.

நின்ற ரயிலுக்குள் எனக்குப் பழைய நினைவுகள்தான் வந்தன. அந்த ஹோட்டலின் விலாசத்தை நான் எத்தனை கடித உறையில் எழுதியிருப்பேன்! அத்தானின் தகப்பன் கந்தையா மாமாவுக்குக் கண் பார்வை குறைவு. அவர் சொல்லச் சொல்ல நான்தான் மகனுக்கு எழுதுவேன். சொல்வதும் பெரிதாக ஒன்றுமில்லை. "கடிதம் கிடைத்தது. இங்கு மழை. வேலி அடைக்க வேண்டும்." அவ்வளவுதான் மனுசன். அத்தான் போன முதல் கார்த்திகையிலேயே மாமா திடீரென்று செத்துப்போனார். ஒரே மகன். தெரிந்தால் ஓடி வருவார், வந்தால் ஆமி பிடிக்கும், அங்கே அகதிக் கேஸும் போய்விடும் என்று பெரியவர்கள் கூடி, அவருக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். மாமாவின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். அக்கா தன் கடிதங்களில் 'மாமா சுகம்' என்று எழுதினாள். மாமாவின் கடிதம் நின்றால் அத்தானுக்குச் சந்தேகம் வரும். எழுத்து என்னுடையதுதானே, ஆகவே நான் நிறுத்தவில்லை.

செத்த மனிதரின் பெயரில் ஒன்றரை வருடம் கடிதம் எழுதினேன். பிறகு அக்கா நோர்வேக்கு வந்து இறங்கிய அன்று, "மாமா போன மாதம் மோசம் போயிட்டார்" என்று அத்தானுக்குச் சொன்னாள். விமான நிலையத்திலேயே குந்தியிருந்து குழறினாராம். அன்றிலிருந்து மாமாவின் திவசம் ரொம்மனில் ஆனி மாதத்தில்தான் நடக்கிறது. அதைப் பற்றி அக்காவும் நானும் பிறகு ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ரயிலிலிருந்து பஸ். இறங்குவதற்குப் பொத்தானை அமத்த வேண்டுமாம். துஷி தூங்கிப்போனாள், எனக்கு அது தெரியாது, பஸ் எங்கள் தரிப்பைத் தாண்டிப் போய்விட்டது. வெள்ளவத்தையில் கொண்டக்டர் மார்க்கட், மார்க்கட் என்று தொண்டை கிழியக் கத்துவான். அவனை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! பனிக்குள் இரண்டு கிலோமீற்றர் திரும்பி நடந்தபோது அவனை நினைத்துக்கொண்டேன்.

ஊரென்று சொல்ல ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், பத்துப் பதினைந்து வீடு, ஓர் ஓடை. அந்த ஓடைக்கரையில் மூன்று மாடியில் மஞ்சள் நிற மரக் கட்டடம். பெயரெல்லாம் இருந்ததாம், ஊரில் 'பழைய ஹோட்டல்' என்றுதான் சொல்வார்களாம். கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பெயர் ரண்டி. துஷியின் முகத்தைப் பார்த்தவர், "பரமின் மகளா?" என்று கேட்டார். அவள் தகப்பன் செத்ததைச் சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எங்களை உள்ளே கூட்டிப் போனார்.

கோப்பியும் வாஃபிளும் வந்தன. இந்த ஹோட்டலின் வரலாறு வேண்டும் என்று துஷி கேட்க, ரண்டி ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தார். அவரும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாராம். ஹோட்டலுக்குக் கல்வெட்டு எழுதுகிறாள் மனுசி என்று எனக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு வந்தது.

இந்த ஓடையில் ஒருவன் தங்கம் கண்டான் என்று கதை கிளம்பியதும் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வந்து குவிந்ததாம். ரண்டியின் பாட்டனார் காட்டை வெட்டி இதைக் கட்டினார். கீழே தங்கம் நிறுக்கும் தராசு. மேலே ஒரே கட்டிலில் முறை வைத்து மூன்று பேர் படுத்தார்கள். சில வருடத்தில் தங்கம் முடிந்தது. முடிந்தது என்ன, பெரிதாக ஒருநாளும் இருந்ததே இல்லை. வந்தவர்கள் போனார்கள், ஹோட்டல் நின்றது. பிறகு நெஞ்சு நோய்க்காரர் வந்து இருந்தார்கள், யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் இருந்தார்கள், தெருப் போட வந்தவர்கள் இருந்தார்கள். பிறகு சில காலம் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் அரசாங்கம் ஒரு பஸ் நிறையத் தமிழ்ப் பொடியன்களைக் கொண்டுவந்து இறக்கியது.

"சுவர்ப் பலகையைக் கழட்டேக்கை தங்கம் தேடின ஆக்களின்ரை கடிதங்கள் கிடைச்சதாம் சித்தி" என்று துஷி மொழிபெயர்த்தாள். "போஸ்ட் பண்ணாத கடிதங்கள். எல்லாத்திலையும் ஒரே கதைதானாம். நான் சுகம், தங்கம் கிடைக்குது, கெதியிலை வாறன். இந்த ஹோட்டலிலை இருந்து வீட்டுக்குப் போன ஒரு கடிதத்திலையும் உண்மை இல்லையெண்டு சொல்லுறா. தமிழ் ஆக்களும் அப்பிடித்தான் எழுதினவையாம்."

உண்மைதான். அத்தானும் 'ஹோட்டலில் சுகமாக இருக்கிறேன்' என்றுதான் எழுதுவார். மாமா அந்த ஒரு வரியை ஊரெல்லாம் காவித் திரிந்தார். வெளியே போன கடிதங்களைப் பற்றி ரண்டிக்குத் தெரியும். உள்ளே வந்த கடிதங்களைப் பற்றி எனக்குத் தெரியும். வாஃபிள் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. "கார்த்திகையிலை இவர் ஆரைப் பாக்க இஞ்சை வாறவர் எண்டு கேள்" என்றேன். துஷி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனாலும் கேட்டாள்.

ரண்டி எழும்பிப் போய்ச் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கிய ஒரு தட்டைக் கழற்றி வந்தார். ஓடை மணலில் தங்கம் அரிக்கிற இரும்புத் தட்டு. மற்றச் சாமான்களெல்லாம் கறள் பிடித்துத் தொங்க, அது மட்டும் தேய்த்துத் துலக்கிய குத்துவிளக்குப் போலப் பளபளத்தது.

அவர் சொல்லச் சொல்லத் துஷி சொன்னாள், சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அத்தான் வந்த முதல் வருடம், பங்குனி மாத அளவில், புதிதாக ஒரு பஸ்ஸில் ஆட்கள் வந்தார்களாம். இரவுச் சாப்பாட்டு நேரம். வந்தவர்களில் ஒருவன் அத்தானின் ஊர்க்காரன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, கட்டிப்பிடித்து, தகப்பன் போன துக்கத்தை விசாரித்தானாம். அத்தான் கையிலிருந்த முள்ளுக்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்த நாள் காலை ரண்டியிடம் வந்து பச்சையரிசியும் ஒரு சவர அலகும் கேட்டார். மூன்றாவதாக ஒரு கறுப்பு விதை கேட்டார், சின்னது, சமையலுக்குப் போடுவது. எள்ளைத்தான் கேட்டிருக்கிறார். இவரிடம் இருந்தது பாணுக்கு மேலே தூவும் கசகசா. அங்கத்தைய கசகசா கறுப்பு. அத்தான் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "காணும்" என்றாராம்.

தலையை மழித்துக்கொண்டு, அந்தக் குளிரில் ஒரு துவாயோடு ஓடைக்குப் போனார். தாம்பாளத்துக்கு இந்தத் தங்கத் தட்டு. ஊர்க்காரன் ஒருவன் தேவாரம் படிக்க, ஐஸை உடைத்துத் தண்ணீர் அள்ளி, பிண்டம் வைத்து, கசகசாவும் நீரும் இறைத்துத் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் மாமாவின் சரியான திதியில் வந்து, அதே தட்டில், அதே கசகசாவில் திவசம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப ஆனியிலை வீட்டிலை செய்யிறது?" என்றாள் துஷி. அது என்னைக் கேட்டது. "சொல்லுறன் பிள்ளை, பொறு" என்றேன்.

ரண்டி ஒரு பிஸ்கட் ரின்னைத் திறந்தார். உள்ளே நீலக் கடித உறைகள். என் கையெழுத்து. மாமா செத்தபிறகு மாமா எழுதிய கடிதங்கள்.

"அப்பா வருசா வருசம் திவசம் முடிஞ்சு இதிலை ஒண்டை எடுத்து இவவுக்கு வாசிச்சுக் காட்டுவாராம்" என்றாள் துஷி. "'குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி ராசா. நேரத்துக்குச் சாப்பிடுறியோ? உன்னை நினைக்காத நாளில்லை.' 'உன்ரை அப்பாவுக்கு உன்னிலை எவ்வளவு பாசம்' எண்டு இவ சொன்னவவாம். அப்பா சிரிச்சவராம். 'இது அப்பா இல்லை. நான் சாப்பிட்டனோ எண்டு அந்த மனுசன் பிறந்ததிலை இருந்து கேட்டதில்லை. இது என்ரை மனுசியின்ரை தங்கச்சி. பொய்யெண்டு தெரியும், ஆனாலும் வாசிக்க நல்லாய்க் கிடக்கு' எண்டவராம்."

ரண்டி என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். துஷி அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு விளங்கியது. ஓம் என்று தலையாட்டினேன். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருநூறு பேரின் சாவுக்கு எழுதியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் நான். அந்தச் சாப்பாட்டறையில் மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"ஏன் வீட்டிலை சொல்லேல்லையாம்?" என்று கடைசியில் கேட்டேன்.

"இவவும் கேட்டவவாம். 'என்னைக் காப்பாத்தத்தான் அவள் பொய் சொன்னவள். எனக்குத் தெரியுமெண்டால் அவளுக்கு என்ரை முகத்திலை முழிக்கேலாமல் போயிடும்' எண்டு சொன்னவராம்."

தன் கொப்பியில் தமிழர் காலத்துக்கென்று பத்துப் பக்கம் வெறுமையாக விட்டிருப்பதை ரண்டி காட்டினார். பரம் இருக்கும்வரை எழுத விடவில்லையாம். இனி உன் அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று துஷியின் கையைப் பிடித்துச் சொன்னார். ரின்னையும் தந்துவிட்டார்.

திரும்பி வரும்போது ரயில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நின்றால் நல்லது என்று எனக்கிருந்தது. துஷிக்கு எல்லாம் சொன்னேன். "அம்மாட்டை நீங்கள்தான் சொல்லோணும்" என்றுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா குசினியில் அடுப்படியில் நின்றாள். கோட்டைக் கழற்ற விடவில்லை. "ஆரடி அவள்?"

"அங்கை ஒரு வயசான மனுசிதான் இருக்கிறா. அவவில்லை."

"அப்ப ஆர்?"

"நாங்கள்தான் அக்கா. நீயும் நானும்."

ரின்னை மேசையில் வைத்துத் திறந்தேன். கடிதங்களைக் கண்டதும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன். எப்போதிருந்து தெரியுமாம் என்று மட்டும் கேட்டாள். மாமா செத்து நாலாம் மாதம் என்றேன். அக்கா கதிரையை இழுத்து இருந்தாள்.

"எயர்போட்டிலை ஒண்டும் தெரியாத மனுசன் மாதிரி, எப்ப, எப்பிடி, ஆர் கொள்ளி வைச்சது எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டவரடி. நான் தண்ணி வாங்கிக் குடுத்து முதுகைத் தடவித் தேத்தினன். பதினைஞ்சு வருசம் ஆனியிலை நான் சொன்ன பொய் நாளிலை எனக்குப் பக்கத்திலை இருந்து படைச்சவர். ஒரு சொல்லு ஏசியிருக்கலாம். ஒருக்கால் எண்டாலும் ஏசியிருக்கலாம்." பிறகு, அத்தான் செத்து இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள். கீழ்வீட்டம்மா பயந்துபோய் மேலே வந்து கதவைத் தட்டினா.

விடிய எழும்பினதும் கொப்பியை என் முன்னால் போட்டாள். "அந்த வரியைப் போடு" என்றாள். போட்டேன். இருநூறு பேருக்கு எழுதிய வரி, இந்தமுறை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். "மாமாவின்ரை திதியையும் சரியாய்ப் போடு."

"சனம் கேக்குமக்கா."

"கேக்கட்டும்."

முப்பத்தோராம் நாள் வாடகை மண்டபத்தில் சாப்பாடு. பந்தியில் இருந்த கனகசபை அண்ணர், ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தவர், கல்வெட்டைக் கண்ணாடியோடு வரி வரியாக வாசித்துவிட்டு, சோறு பரிமாறிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, பிழை பாக்கிறதுதான் உன்ரை தொழில் எண்டு கேள்வி. இஞ்சை பார், பரமற்றை தகப்பனின்ரை திதி கார்த்திகை எண்டு கிடக்கு. ஆனியெல்லோ? வருசா வருசம் வந்து சாப்பிட்டனாங்களே."

நான் வாய் திறக்க முதல், அத்தானின் படத்தடியில் இருந்த அக்கா எழும்பி வந்தாள்.

"அவள் பிழை விடேல்லை அண்ணை. நீங்கள் வந்து சாப்பிட்ட நாள்தான் பிழை. மாமா செத்ததை அவருக்கு மறைச்சு, நாளை மாத்திச் சொன்னது நான். அவருக்கு அது தெரியும். தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

பந்தியில் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அக்கா என் கையிலிருந்த சோற்றுச் சட்டியை வாங்கி, கனகசபை அண்ணரின் தட்டில் ஓர் அகப்பை போட்டாள்.

"வாற கார்த்திகை திவசம் அந்த ஹோட்டல் ஓடையிலைதான். நீங்களும் வாங்கோ அண்ணை. அங்கை குளிர் கூட, காதை மூடிக்கொண்டு வாங்கோ."